புயல் நாட்களில் கைகொடுக்கும் சூரிய மின்தகடு

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களும் நம் கடலோர மாவட்டங்களுக்கு மழைக்காலம் மட்டுமல்ல, புயற்காலமுமாகும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலையும், 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயலையும், 2024 நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயலையும் உழவர் பெருமக்கள் மறந்திருக்க முடியாது. கஜா புயலில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நகரங்களுக்கு ஓரளவு விரைவில் மின்சாரம் திரும்பியது. ஆனால் உட்கிராமங்கள் பலவும், வயல்வெளியில் தனித்திருக்கும் வீடுகளும் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன.

மின்சாரம் இல்லாத நாட்களில் உழவர் குடும்பத்திற்கு ஏற்படும் இடர்கள் பல. வெள்ள நீர் சூழ்ந்த இடங்களில் பூச்சி பொட்டுகள் மேட்டு நிலத்தையும் மாட்டுக் கொட்டகையையும் தேடி வருகின்றன. இருட்டில் கால் வைத்து ஒருவர் கடிபட்டால், 108 ஊர்தியை அழைக்கக் கைப்பேசியில் மின்னேற்றம் இருக்க வேண்டும். நிறைமாதச் சினைப்பசு இரவில் கன்று ஈன்றால் ஒரு விளக்காவது தேவை. அறுத்துப் பரப்பிய கதிர் புயல் மழையில் நனைந்து சேதமுற்றால், பயிர்க் காப்பீடு செய்தவர்கள் 72 மணி நேரத்திற்குள் இழப்பைத் தெரிவிக்க வேண்டும். அதற்கும் கைப்பேசியே துணை.

இத்தேவைகளுக்கெல்லாம் வேண்டிய மின்சாரம் மிகக் குறைவானதே. எடுத்துச் சென்று வைக்கக்கூடிய ஒரு சிறிய சூரிய மின்தகடும், ஒரு பேட்டரியும் அதற்குப் போதும். ஆனால் கணக்கறிந்து பயன்படுத்தாவிட்டால், முதல் இரவிலேயே பேட்டரி காலியாகிவிடும். அந்தக் கணக்கையும், கையாளும் முறைகளையும் இங்கே காண்போம்.

எது முடியும், எது முடியாது?

முதலில் இதனைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். 100 வாட் தகட்டைக் கொண்டு பம்புசெட்டை ஓட்ட இயலாது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடுவதற்கு 4,000 வாட்டுக்கு மேல் வேண்டும். மிக்சி, கிரைண்டர், குளிர்பெட்டி, இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றையும் இதில் இயக்க முயலக்கூடாது. விளக்கு, கைப்பேசி, வானொலி, சிறிய 12 வோல்ட் விசிறி, பேட்டரி தெளிப்பான் ஆகியவற்றிற்கே இது உகந்தது. வீட்டில் மின்கருவியால் பிராணவாயு பெறும் நோயாளி இருந்தால், இத்தகட்டை நம்பியிராமல் புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே அவரை மருத்துவமனை உள்ள ஊருக்கு அழைத்துச் சென்றுவிட வேண்டும்.

"எங்கள் மாடியில்தான் ஏற்கெனவே சூரிய மின்தகடு இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். மின்வாரியக் கம்பியோடு இணைத்து, பேட்டரி இல்லாமல் அமைத்த மாடித்தகடுகள், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தாமும் நின்றுவிடும். கம்பியைப் பழுது பார்க்கும் பணியாளரின் உயிரைக் காப்பதற்காகவே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளன. எனவே நல்ல வெயில் அடித்தாலும் அவை வீட்டிற்கு உதவா. சூரிய பம்புசெட் வைத்துள்ளவர்கள் அதன் தகடுகளிலிருந்து ஒயர் இழுத்து வீட்டு விளக்கிற்குக் கொடுக்க முயலக்கூடாது. அத்தகடுகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின்சாரம் அதில் பாய்கிறது. அது உயிரைப் பறிக்கக்கூடியது.

வேண்டிய பொருட்கள்

1. சோலார் பேனல் என்று கடைகளில் கேட்டு வாங்கும் சூரிய மின்தகடு, 12 வோல்ட் பேட்டரிக்கு ஏற்றது, 100 வாட்.
2. தகட்டிற்கும் பேட்டரிக்கும் இடையே வைக்கும் சார்ஜ் கண்ட்ரோலர், 10 ஆம்பியர்.
3. 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரி.
4. 12 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி. விளக்குகள், காரில் பயன்படுத்தும் வகைக் கைப்பேசி சார்ஜர்.
5. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 15 ஆம்பியர் பியூஸ்.

தகட்டில் கண்ணாடித் தகடு, துணிபோல் மடிக்கும் தகடு என இரு வகை உண்டு. மடிக்கும் தகடு எடை குறைந்தது. தூக்கிச் செல்ல எளிது. ஆனால் அதன் இணைப்புப் பெட்டி பெரும்பாலும் மழைக்குத் தாங்காது. 100 வாட் கண்ணாடித் தகடு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும், முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும், 7 முதல் 8 கிலோ எடையும் உடையது. ஒருவரே தூக்கலாம், பல ஆண்டுகள் உழைக்கும். உழவர் வீட்டிற்கு இதுவே ஏற்றது. வாங்கும்போது ஐ.எஸ். 14286 என்னும் தரக் குறியைப் பார்த்து வாங்க வேண்டும்.

அளவைப் பார்த்தே பொய்யான தகட்டைக் கண்டுபிடித்துவிடலாம். இன்றுள்ள நல்ல தகடுகளிலும் 100 வாட் கிடைக்க ஏறத்தாழ அரை சதுர மீட்டர் பரப்பு வேண்டும். சுவரில் மாட்டும் தினசரிக் காலண்டர் அட்டை அளவுள்ள தகட்டில் 100 வாட் என்று ஒட்டியிருந்தால் அதை நம்பி வாங்க வேண்டாம்.

வரவும் செலவும்

தகடு வயலைப் போன்றது; பேட்டரி பத்தாயம் போன்றது. வயலில் விளைச்சல் வராத நாளில் பத்தாயத்து நெல்லைத்தான் அளந்து உண்ண வேண்டும். மின்சாரத்தை அளக்கும் படி, வாட்-மணி. 5 வாட் விளக்கு 6 மணி நேரம் எரிந்தால் 5 × 6 = 30 வாட்-மணி செலவாகிறது.

இருப்பு: 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியின் கொள்ளளவு 12 × 40 = 480 வாட்-மணி. ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 240 வாட்-மணியையே நம் இருப்பாகக் கொள்ள வேண்டும். மீதியை விதைநெல்லாகக் கருதுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 100க்கு 80 பங்கு வரை எடுக்கலாம். அது எடையும் குறைவு. விலை மட்டும் கூடுதல்.

வரவு: நல்ல வெயில் நாளில் 100 வாட் தகடு, எல்லா இழப்பும் போகச் சுமார் 250 வாட்-மணியைப் பேட்டரியில் சேர்க்கும். விட்டுவிட்டு வெயில் வரும் நாளில் 150 கிடைக்கலாம். வானம் முழுதும் கறுத்து மூடிய நாளில் 50 கிடைத்தாலே அதிகம். புயல் வீசும் நாளில் தகட்டை வெளியே வைக்கவே முடியாதாகையால் அன்று வரவு இல்லை.

செலவு: ஒரு குடும்பத்தின் தவிர்க்க முடியாத ஒரு நாள் செலவு பின்வருமாறு.

வீட்டு விளக்கு ஒன்று, 5 வாட், 6 மணி நேரம் - 30
மாட்டுக் கொட்டகை விளக்கு, 3 வாட், 10 மணி நேரம் - 30
கைப்பேசி ஒன்றுக்கு ஒரு முறை மின்னேற்றம் - 20
வானொலி, 2 வாட், 5 மணி நேரம் - 10
மொத்தம் - 90 வாட்-மணி

இனி நான்கு நாள் கணக்கைப் பாருங்கள். முழு மின்னேற்றத்துடன், அதாவது 240 இருப்புடன் தொடங்குகிறோம். புயல் நாளில் வரவில்லை, செலவு 90, மீதி 150. இரண்டாம் நாள் கருமேகம், வரவு 50, செலவு 90, மீதி 110. மூன்றாம் நாள் விட்டுவிட்டு வெயில்; வரவு 150, செலவு 90; மீதி 170. நான்காம் நாள் நல்ல வெயில். பேட்டரி மீண்டும் நிரம்பி, மின்சாரம் மிஞ்சவும் செய்கிறது. இம்முறையில் நடந்தால் கம்பி மின்சாரம் எத்தனை நாள் கழித்து வந்தாலும் கவலையில்லை.

மாறாக, முதல் இரவில் புயற் செய்தி பார்க்கலாமென்று 60 வாட் தொலைக்காட்சியை இன்வெர்ட்டர் மூலம் 4 மணி நேரம் ஓட்டினால் என்ன ஆகும்? 60 × 4 = 240. இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் சுமார் 280. நம் இருப்பு முழுதும் தீர்ந்து, விதைநெல்லிலும் கை வைத்தாயிற்று. மறுநாள் இரவு பசு ஈனும்போது விளக்கு எரியாது. அதே செய்தியை வானொலி 10 வாட்-மணியில் சொல்லிவிடும்.

15 வாட் விசிறி 6 மணி நேரம் ஓடினால் 90 வாட்-மணி ஆகிறது. அதாவது ஒரு விசிறியின் செலவு, மேலே கண்ட அத்தனை செலவுக்கும் சமம். கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டில், வெயில் வந்த நாட்களில் மட்டும் விசிறியைப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது கைப்பேசியைப் பகலில் வெயில் இருக்கும்போதே ஏற்றிக்கொள்ள வேண்டும். கைப்பேசிகளில் ஒன்றை அணைத்து, எடுத்து வைத்துவிடுவது நலம். அவசரத்திற்கு அது உதவும்.

தகட்டை வைக்கும் முறை

புயல் எச்சரிக்கை வந்தவுடன் தகட்டை வீட்டிற்குள் கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியிலோ சுவரோரமாகவோ, கண்ணாடிப் பக்கம் சுவரை நோக்கியிருக்குமாறு வைக்க வேண்டும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று, நிமிர்த்தி வைத்த 100 வாட் தகட்டின்மீது ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். கயிற்றால் கட்டி வைத்தாலும் பிய்த்துக்கொண்டு பறந்து ஆளையோ மாட்டையோ வெட்டிவிடும். எடுத்து உள்ளே வைக்க முடிவதுதான் இவ்வகைத் தகட்டின் சிறப்பு. அதனைப் பயன்படுத்திக் கொள்ளுங்கள்.

காற்று முழுதும் ஓய்ந்தபின் தகட்டை வெளியே வைக்கலாம். புயலின் மையம் கடக்கும்போது சிறிது நேரம் காற்று நின்று, பின் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். அந்த அமைதியைக் கண்டு ஏமாறக்கூடாது. வானிலை அறிவிப்பைக் கேட்ட பின்னரே வெளியே செல்ல வேண்டும்.

நவம்பர், டிசம்பர் மாதங்களில் டெல்டாப் பகுதியில் நண்பகற் சூரியன் உச்சியிலிருந்து தெற்கே 25 முதல் 34 பாகை வரை சாய்ந்து நிற்கிறது. ஆகவே தகட்டைத் தெற்கு நோக்கி ஏறத்தாழ 30 பாகை சாய்த்து வைக்க வேண்டும். இதற்கு அளவுகோல் தேவையில்லை. ஒரு மீட்டர் நீளத் தகட்டின் வடக்கு விளிம்பை அரை மீட்டர் உயர்த்தி முட்டுக் கொடுத்தால் போதும். வானம் முழுதும் மூடியிருந்தால் சூரிய ஒளி எல்லாப் பக்கமிருந்தும் சிதறி வருவதால், தகட்டைக் கிடையாக வைப்பதே நல்லது.

நிழல் விழாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். தகட்டிலுள்ள சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை. ஒரே ஒரு தென்னங்கீற்றின் நிழல் குறுக்கே விழுந்தாலும் வரவு பாதியாகக் குறையக்கூடும். வாய்க்காலில் ஒரு மடை அடைபட்டால் அதற்குக் கீழுள்ள வயல் காய்வதைப் போன்றது இது. சேறும் இலையும் படிந்திருந்தால் மெல்லிய துணியால் நீர்விட்டுத் துடைக்க வேண்டும். கடலோரத்தில் உப்புப் படிவதால் நல்ல நீரால் கழுவுதல் அவசியம்.

இணைக்கும் முறை

முதலில் பேட்டரியைக் கண்ட்ரோலருடனும், அதன்பின் தகட்டைக் கண்ட்ரோலருடனும் இணைக்க வேண்டும். கழற்றும்போது முதலில் தகட்டைக் கழற்ற வேண்டும். முறை மாறினால் கண்ட்ரோலர் கெட்டுவிடக்கூடும். லித்தியம் பேட்டரியானால் கண்ட்ரோலரும் அதற்கு ஏற்றதுதானா என்று வாங்கும்போதே கேட்டறிய வேண்டும்.

பேட்டரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்திற்குள் பியூஸ் இருக்க வேண்டும். "12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்று எண்ணி பியூஸ் போடாமல் விடுவோர் உண்டு. ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் இரு முனையும் ஒட்டிக்கொண்டால் ஒயர் பழுக்கக் காய்ந்து கூரையே தீப்பிடிக்கும். கீற்றுக் கொட்டகையில் இது பேராபத்து.

ஒயர் மெல்லியதாக இருந்தால் வழியிலேயே மின்சாரம் வீணாகும். 10 மீட்டர் தூரத்திற்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டு 6 ஆம்பியர் செலுத்தினால் ஒன்றரை வோல்ட் வரை குறைந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அரை வோல்ட்தான் குறையும். ஈயப் பேட்டரி மின்னேற்றத்தின்போது எரியக்கூடிய வாயுவை வெளியிடும். ஆகவே காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்பிற்கும் விளக்கிற்கும் அப்பால், வெள்ளம் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

உயிரைப் பறிக்கும் ஒரு தவறு

இன்வெர்ட்டரையோ ஜெனரேட்டரையோ, இரு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரால் வீட்டுச் சுவரிலுள்ள பிளக் துளையில் செருகி வீடு முழுதும் விளக்கெரிக்கும் பழக்கம் சில இடங்களில் உள்ளது. இதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். வீட்டிலிருந்து புறப்படும் மின்சாரம் தெருக்கம்பிக்குப் போகும். மின்மாற்றி இருபுறமும் வேலை செய்யக்கூடியது. தெருவின் உயரழுத்தத்தை வீட்டிற்குத் தாழ்த்தித் தருவது போலவே, வீட்டிலிருந்து வருவதை உயர்த்திக் கம்பியில் ஏற்றிவிடக்கூடும். மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்பவர், பல மாவட்டங்களைத் தாண்டி நமக்கு உதவ வந்த மின்வாரியப் பணியாளர். நம் வீட்டு விளக்கு அவர் உயிருக்கு விலையாகிவிடக்கூடாது. வீட்டு ஒயரிங்கில் இன்வெர்ட்டர் இணைக்க விரும்பினால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மாற்றுச் சுவிட்சுடன் மழைக்காலத்திற்கு முன்பே அமைக்க வேண்டும். இங்கே சொன்ன சிறிய அமைப்பிற்கு வீட்டு ஒயரிங்கே வேண்டாம். 12 வோல்ட் விளக்கைத் தனி ஒயரில் நேராக எரிக்கலாம்.

ஜெனரேட்டர் வைத்திருப்போர் அதை வீட்டினுள்ளோ, சன்னலோரத்திலோ ஓட்டக்கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை. உறங்குபவர் எழுந்திருக்கமாட்டார்.

அறுந்து விழுந்த கம்பியைக் கண்டால் தொடாமல், மாடுகளையும் அண்டவிடாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987க்குத் தெரிவிக்க வேண்டும்.

நீர் வடிந்த பின்

நீர் வடிந்த நெல் வயலுக்கு இலைவழி ஊட்டமோ பூசணக்கொல்லியோ தெளிக்க வேண்டிய வேளையில் பேட்டரி தெளிப்பான் மின்னேற்றமின்றி நின்றுவிடுகிறது. பெரும்பாலான தெளிப்பான்களில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ளது. அதன் கொள்ளளவு 96 வாட்-மணி. இழப்பையும் சேர்த்து 120 வைத்துக்கொள்ளலாம். வீட்டுப் பேட்டரி நிரம்பிய நல்ல வெயில் நாளில் இதை ஏற்றிக்கொள்ள முடியும். கண்ட்ரோலர் இல்லாமல் தகட்டிலிருந்து நேராக இணைக்கக்கூடாது. வெயிலில் தகட்டின் முனைகளில் 21 வோல்ட் வரை இருக்குமாதலால் பேட்டரி கெட்டுவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரி, இன்வெர்ட்டர், கண்ட்ரோலர் ஆகியவற்றை உலர்த்திவிட்டு அப்படியே இயக்கக்கூடாது. மூழ்கிய லித்தியம் பேட்டரியை வீட்டிற்கு வெளியே, தனியே வைக்க வேண்டும். அது நாட்கள் கழித்தும் தீப்பிடிக்கலாம்.

ஓர் இரவு ஒத்திகை

புரட்டாசி முடிவதற்குள் ஒரு மாலை வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, விடியும்வரை இந்த அமைப்பைக் கொண்டே இருந்து பாருங்கள். எந்த விளக்கு எங்கே வேண்டும், ஒயர் கொட்டகைவரை எட்டுகிறதா, பேட்டரி உண்மையில் தாங்குகிறதா என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். ஈயப் பேட்டரியைச் சில மணி நேரம் ஓய்வில் விட்டு மீட்டரில் பார்த்தால் 12.7 வோல்ட் முழுமையையும், 12.2 பாதியையும், 11.9 ஏறக்குறையக் காலியையும் காட்டும். முழுதும் ஏற்றிய பேட்டரி 90 வாட்-மணி கொடுத்ததற்கே 12.2க்குக் கீழே இறங்கிவிட்டால் அது பழுதடைந்தது. புயலுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

பேட்டரியை ஆண்டு முழுதும் மூலையில் போட்டுவிட்டு, கார்த்திகையில் தேடுவதால் பயனில்லை. ஈயப் பேட்டரியை மாதம் ஒரு முறை முழுதும் ஏற்றி, நீர் ஊற்றும் வகையானால் வடிநீர் அளவைப் பார்க்க வேண்டும். தகட்டைக் கொண்டு கொட்டகை விளக்கை நாள்தோறும் எரித்து வந்தால் பேட்டரியும் நல்ல நிலையில் இருக்கும். பழுதும் உடனே தெரியும்.

நினைவிற் கொள்க

- எச்சரிக்கை வந்த அன்றே பேட்டரி, கைப்பேசி, தெளிப்பான், கைவிளக்கு அனைத்தையும் முழுதும் ஏற்றுக.
- தகட்டைக் காற்று வருமுன் உள்ளே வைக்க.
- நாளொன்றுக்கு 90 வாட்-மணிக்குள் செலவிடுக.
- ஒரு கைப்பேசியை அவசரத்திற்கென ஒதுக்குக.
- பியூஸ் இல்லாமல் இணைக்காதீர்.
- வீட்டுப் பிளக் துளை வழியே மின்சாரம் செலுத்தாதீர்.

புயலைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் புயலுக்குப் பின் வரும் இரவுகளில் வீட்டிலும் கொட்டகையிலும் ஒரு விளக்கு எரியச் செய்வது நம் கையில் உள்ளது. ஆகவே உழவர் பெருமக்கள் இம்மழைக்காலத்திற்கு முன்பே இவ்வமைப்பை ஏற்படுத்தி, வீட்டிலுள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இயக்கும் முறையைக் கற்றுக்கொடுத்துப் பயன்பெறுவார்களாக.